திராட்சைத் தோட்டமும் கூட்டுறவு முறையும்

நெசவாளர் தாம் நெய்த சேலையைச் சங்கத்தின் கிடங்கில் வைத்து, நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்கலாம். நெல் விளைவிப்போர் குதிரில் சேமித்து வைக்கலாம். திராட்சை பயிரிடுவோர்க்கு அவ்வசதி இல்லை. பழம் வாடுமுன், வியாபாரி சொல்லும் விலைக்கு அவர்கள் இசைய வேண்டியதாகிறது. இந்நெருக்கடியைப் பிற நாட்டினர் எங்ஙனம் சமாளித்தனர் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிதல் நன்று.

பிரான்சு தேசத்தின் கிழக்கெல்லையில் அல்சாஸ் என்னும் பிரதேசம் உள்ளது. அங்கே ரிக்விர் என்னும் சிற்றூரில் 1639-ஆம் ஆண்டில் உகெல் குடும்பத்தார் குடியேறினர். முப்பதாண்டுப் போர் அந்நாட்டைப் பாழ்படுத்திக் கொண்டிருந்த காலம் அது. அன்று முதல் பன்னிரண்டு தலைமுறைகளுக்கு மேலாகத் திராட்சை வளர்ப்பதும் ஒயின் வடிப்பதும் அக்குடும்பத்தின் தொழிலாக இருந்து வருகின்றன. 1871-க்கும் 1945-க்கும் இடையே அப்பிரதேசம் நான்கு முறை ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் கைமாறியது. அரசுகள் மாறின, தோட்டம் மாறவில்லை.

அவர்களுடைய முறையில் ஆடம்பரம் ஏதுமில்லை. பழக்குலைகளைக் கையாலேயே கொய்கின்றனர். நசுங்காதபடி சிறு தொட்டிகளில் கொண்டு வந்து மெல்லப் பிழிகின்றனர். சாற்றைத் தெளிய வைத்து, அளவான வெப்பத்தில் புளிக்க விடுகின்றனர். பழத்தின் இயற்கை மணமே மேலோங்க வேண்டுமென்பது அவர்கள் கொள்கை. 1715-இல் செய்த மரப்பீப்பாய் ஒன்று அவர்களது நிலவறையில் இன்றும் இருக்கிறது. நல்ல ஆண்டுகளில் சில குலைகளைக் கொடியிலேயே பல வாரம் விட்டுவைப்பர். நீர் வற்றி இனிப்புச் செறியும். மழையாலும் பறவையாலும் நஷ்டம் நேரக்கூடும். துணிந்தவர்க்கே அது கைகூடும். இவ்வகை ஒயினுக்கான சட்ட விதிகள் 1984-இல் இயற்றப்பட்டபோது, அக்குடும்பத்தாரின் அனுபவம் பெரிதும் உதவியது.

விளைவிப்பவரே பக்குவம் செய்பவராகவும் இருப்பதால், பழம் அறுத்த நாளின் விலை அவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் பிழியும் யந்திரமும் நிலவறையும் பீப்பாயும் சிறு விவசாயிக்கு எங்கிருந்து வரும்? இவ்வினாவுக்கும் அப்பிரதேசத்திலேயே விடை கிடைத்தது. ரிக்விரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள ரிபோவில் என்னும் ஊரில், 1895-இல் திராட்சை விவசாயிகள் கூடித் தங்களுக்கென ஒரு கூட்டுறவு நிலவறையை ஏற்படுத்தினர். ஒருவரால் இயலாததை அவர்கள் பலராகச் சேர்ந்து செய்தனர்.

அதே 1895-இல்தான் பெரியாறு அணையின் நீர் நம் பக்கம் திரும்பியது. மதுரைச் சமவெளியின் நெல்வயல்களுக்கு வரும் அந்நீர், வழியில் கம்பம் பள்ளத்தாக்கையும் வளப்படுத்துகிறது. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இதனைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தார் என்பர். அல்சாஸிலும் மஸ்கட் இனங்கள் பயிராகின்றன. ஆகவே இரண்டும் தூரத்து உறவே. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. மதுரைச் சுங்குடிச் சேலை இப்பெருமையை 2005-இலேயே அடைந்துவிட்டது.

மது அருந்தும் பழக்கத்தைப் பரப்புவது நமது நோக்கமன்று. அரசியலமைப்பின் 47-ஆவது ஷரத்தும் மதுவிலக்கையே வற்புறுத்துகிறது. பழச்சாற்றைச் சுமார் எண்பது டிகிரி வரை சூடாக்கி, சுத்தமான பாட்டிலில் அடைத்தால், புளிக்காமல் பல மாதம் இருக்கும். ஜாமும் செய்யலாம். அல்சாஸில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. பிழியும் யந்திரம் சில வாரங்களே ஓடும். கம்பத்திலோ ஆண்டு முழுவதும் பழம் வருகிறது. யந்திரம் சும்மா இராது. கூட்டு முயற்சிக்கு இதைவிடச் சாதகமான நிலை வேறென்ன வேண்டும்?

குறியீடு என்பது பெயருக்குக் கிடைத்த காவல் மட்டுமே. விலைக்குக் காவல் சங்கமேயாகும். பழத்தை இன்றே விற்றாக வேண்டும் என்ற நிலை மாறினால்தான், விவசாயி தன் விலையைத் தானே சொல்ல இயலும். அந்நிலையை உகெல் குடும்பத்தார் பல தலைமுறை உழைப்பால் எய்தினர்; ரிபோவில் விவசாயிகள் ஒற்றுமையால் எய்தினர். நம் விவசாயிகளுக்கு உகந்த வழி இரண்டாவதே.