ஆர்எக்ஸ் 100 வாங்கப் போறீங்களா பாஸ்? சத்தத்தைக் கேட்குறதுக்கு முன்னாடி ஆர்.சி-யைக் கேளுங்க!

சானடோரியம் சிக்னல்ல நிக்கிறீங்க. பின்னாடி எங்கேயோ ஒரு டூ-ஸ்ட்ரோக் சத்தம். திரும்பிப் பார்க்காம இருக்க முடியுதா? முடியலைன்னா உங்களுக்கும் 'ஆர்எக்ஸ் காய்ச்சல்' வந்தாச்சுனு அர்த்தம். பழைய ஆர்எக்ஸ் ஒண்ணை வாங்கி, புதுசு மாதிரி ஆக்கி, ஜி.எஸ்.டி ரோட்டுல ஒரு ரவுண்டு போகணும்னு ஆசை இருக்கும். தப்பே இல்லை. ஆனா, இந்த ஆசையில நிறைய பேர் பணத்தை விடுற இடம் இன்ஜின் இல்லை, பேப்பர்தான்.

அப்படி என்னதான் இருக்கு இந்த வண்டியில?

80-களின் முதல் பாதியில ஜப்பான் கம்பெனிகள் வரிசையா இந்தியாவுக்குள்ள வந்தன. 1984-ல் நம்ம ஓசூரில் டி.வி.எஸ் - சுஸுகி கூட்டணியில இண்ட்-சுஸுகி ஏஎக்ஸ் 100 தயாரானது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. அதே ஆண்டின் இறுதியில எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இறக்கின வண்டிதான் ஆர்எக்ஸ் 100. ஆரம்பத் தொகுதி வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களா வந்து இங்கே பொருத்தப்பட்டவை. 'மேட் இன் ஜப்பான்'னு சொல்லி இன்னைக்கும் விலையை ஏத்துறது இந்தக் கதையை வெச்சுத்தான்.

98 சிசி, 11 பிஎச்பி, நாலு கியர், எடை சுமார் 100 கிலோ. இவ்வளவு லேசான வண்டிக்கு அந்தப் பவர் ரொம்பவே ஜாஸ்தி. அதனாலதான் அந்த 'பிக்-அப்'. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகினப்போ டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு நெருக்கடி வந்தது. 1996-ல் உற்பத்தி நின்னுபோச்சு. ஆக, கடைசி ஆர்எக்ஸ் 100-க்கே இப்போ 30 வயசு.

முதல்ல ஆர்.சி

ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க. பிஸ்டன் போனா வேற பிஸ்டன் கிடைக்கும். டேங்க் ஓட்டையானா வேற டேங்க் கிடைக்கும். சேஸி நம்பரும் ஆர்.சி-யும் பொருந்தலைன்னா, அதைச் சரிபண்ண எந்த மெக்கானிக்காலயும் முடியாது. பழைய வண்டிச் சந்தையில 'ஆர்.சி மட்டும்' தனியா விக்கிறதும், அதுக்கு ஏத்த மாதிரி வேற சேஸியில நம்பரைக் குத்துறதும் நடக்கிற வேலைதான். அப்படி ஒரு வண்டி உங்க கைக்கு வந்தா, போலீஸ் கேட்கிற கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும். போட்ட காசும் போச்சு, வண்டியும் போச்சு.

அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க:

- ஹாண்டில்பார் கழுத்துப் பகுதியில சேஸி நம்பர், இன்ஜின் கேஸிங்ல இன்ஜின் நம்பர். ரெண்டையும் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சு, ஆர்.சி-யோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. நம்பரைச் சுத்தி கிரைண்டர் தடமோ, எழுத்துகள் கோணல்மாணலாவோ இருந்தா, நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

- எம்-பரிவாஹன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பாருங்க. 1989-க்கு முந்தைய, 'டி'யில ஆரம்பிக்கிற மூணெழுத்து நம்பர் வண்டிகள் சில சமயம் ஆன்லைன்ல வராது. வரலைன்னா, அந்த வண்டி எந்த ஆர்.டி.ஓ-வோ அங்கேயே போய் ரெக்கார்டைக் கேளுங்க.

- தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துல, ஒரு வண்டி திருட்டுப் புகார்ல இருக்கான்னு பார்க்கிற வசதி இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. கண்டிப்பா பண்ணுங்க.

- ஆர்.சி யார் பேர்ல இருக்கு? 'தாத்தா பேர்ல இருக்கு ப்ரோ, அவர் தவறிட்டார்' என்பது அடிக்கடி கேட்கிற பதில். அப்படின்னா முதல்ல வாரிசு பேருக்கு ஃபார்ம் 31 மூலமா மாத்தணும். அதுக்கப்புறம்தான் 29, 30 ஃபார்ம்கள்ல உங்க பேருக்கு வரும். வெறும் கையெழுத்துப் போட்ட ஃபார்மை நம்பி முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க.

- பாண்டிச்சேரி, கர்நாடகா, கேரளா நம்பர்னா என்.ஓ.சி வேணும். இங்கே வரியும் கட்டணும். அதையும் விலையில சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சொந்த வண்டியோட ஆர்.சி 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியை நேர்ல காட்டிப் புதுப்பிக்கணும். 20 வயசு தாண்டின பைக்குகளுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 2,000 ரூபாயா உயர்ந்தது. பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தனி. ஆர்.சி காலாவதியாகிக் கிடந்தா தாமதக் கட்டணமும் சேரும். 'நீங்களே புதுப்பிச்சுக் கொடுங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்'னு விற்கிறவர்கிட்ட சொல்லிப் பாருங்க. பேப்பர் சுத்தமா இருக்கிறவர் ஒத்துக்குவார். மத்தவங்க மழுப்புவாங்க.

'விண்டேஜ் பதிவு பண்ணிக்கலாமே'னு சிலர் சொல்வாங்க. 2021-ல் வந்த அந்த விதி 50 வயசு தாண்டின வண்டிகளுக்கு மட்டும்தான். முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அந்த வயசு வர 2035 ஆகணும்.

இப்போ இன்ஜினைக் கேட்கலாம்

'நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க'னு முதல்லயே சொல்லிடுங்க. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதை மறைக்கப் பார்த்திருக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வர்றது இயல்பு. டூ-ஸ்ட்ரோக்ல ஆயிலும் பெட்ரோலோட சேர்ந்து எரியுது இல்லையா? ஆனா, இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியா வெள்ளைப் புகை வந்து, கியர் ஆயிலும் குறைஞ்சுகிட்டே போனா, கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு. ஆக்ஸிலரேட்டரை விட்டும் ஐடிலிங் தானா ஏறினா, மேக்னெட் பக்கத்து சீல் வழியா காத்து உள்ளே போகுதான்னு சந்தேகப்படணும். அந்த நிலையில ஓட்டினா கலவையில பெட்ரோல் குறைஞ்சு, பிஸ்டன் சூடேறிச் சிக்கிக்கும்.

அடுத்து ஆயில் பம்ப். ஆர்எக்ஸ்ல 2டி ஆயிலைத் தானா அனுப்புற பம்ப் உண்டு. பல வண்டிகள்ல அதைக் கழற்றிட்டு, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டுறாங்க. உங்க வண்டி எந்த வகைன்னு தெரியாம வெறும் பெட்ரோல் போட்டா, சில கிலோமீட்டர்லயே இன்ஜின் சீஸ் ஆகிடும்.

நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு டெஸ்ட் இருக்கு. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம், பள்ளிக்கரணை பக்கத்து வண்டின்னா 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 மிக்ஜாமையும் மறந்துடாதீங்க. ஹெட்லைட் குடத்தைக் கழற்றி உள்ளே பாருங்க. சீட்டுக்கு அடியில, ஏர் ஃபில்டர் பெட்டியில காய்ஞ்ச வண்டல் இருக்கா? இருந்தா வண்டி தண்ணியில நின்னிருக்கு. அப்படி நின்ன டூ-ஸ்ட்ரோக்ல கிராங்க் பேரிங் துருப்பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம். கிராங்க் வேலைக்கும் சேர்த்து விலையைக் குறைச்சுக் கேளுங்க.

ரெஸ்டோர் பண்றப்போ...

வண்டிக்குக் கொடுத்த அளவு பணம் இன்னொரு தடவை கையில இருந்தா மட்டும் வண்டியைப் பிரிங்க. பாதியில காசு தீர்ந்துபோய், சாக்குப்பையில கிடக்கிற ஆர்எக்ஸ்கள் ஏராளம்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுங்க. போல்ட், நட்டுகளைத் தனித்தனிக் கவர்ல போட்டு, மேலே பேர் எழுதி வைங்க. ஆறு மாசம் கழிச்சு 'இந்த வாஷர் எங்கே போகும்?'னு முழிக்க வேண்டி வராது.

ஸ்பேர்ஸுக்கு, தாம்பரத்துல ரயில் ஏறினா எழும்பூர். அங்கிருந்து புதுப்பேட்டை பக்கம்தான். பழைய பாகத்தையும் கையில எடுத்துட்டுப் போங்க. போட்டோவைக் காட்டி வாங்கினா அளவு மாறிடும். நம்பர் குத்தின இன்ஜின் கேஸிங், சேஸி ரெண்டையும் பில் இல்லாம வாங்கவே கூடாது. 'ஆர்எக்ஸ் 135 இன்ஜின் போட்டுக்கலாம், சூப்பரா போகும்'னு ஆசை காட்டுவாங்க. ஆர்.டி.ஓ-வில் பதியாம இன்ஜினை மாத்தினா, நீங்க பார்த்துப் பார்த்து வாங்கின ஆர்.சி-யை நீங்களே கெடுத்த மாதிரி.

சிலிண்டர்ல கோடு விழுந்திருந்தா லேத்ல போர் பண்ணி, 0.25 அல்லது 0.50 மி.மீ பெரிய பிஸ்டன் போடுவாங்க. போர் பண்ண பிறகு முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீங்க. பழைய பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் ரப்பர்களையும் மொத்தமா மாத்திடுங்க. இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவிகிதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஈரத்தையும் இழுக்கும் என்பதால டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். வாரக்கணக்குல ஓட்டாம நிறுத்தப் போறீங்கன்னா, பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் காலியாகுற வரை ஓட விட்டு நிறுத்துங்க.

பெயின்ட் கடைசி வேலை. சேஸியைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கிறப்போ, நம்பர் இருக்கிற இடத்தை டேப் ஒட்டி மறைச்சே கொடுங்க. மேல கனமான கோட்டிங் ஏறிட்டா, ஆர்.டி.ஓ-வில் பென்சில் பிரின்ட் எடுக்கிறப்போ நம்பர் விழாது. ஒரிஜினல் வண்டியே சந்தேக வண்டி ஆகிடும். (குரோம் பிளேட்டிங்குக்கு குரோம்பேட்டையில தேடலாம்னு தோணுதா? அந்தப் பேர் அங்கே இருந்த குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால வந்தது பாஸ்!)

புகையும் ஒரு கணக்கு

2000 மார்ச் வரை தயாரான டூவீலர்களுக்குப் புகைச் சோதனையில கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதம் வரை அனுமதி. நல்லா ட்யூன் பண்ண ஆர்எக்ஸ் இதுல பாஸ் ஆகிடும். அதுக்காகத் தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போகணும்னு இல்லை. எரியாத பெட்ரோலும் ஆயிலும் பின்னாடி வர்றவர் மூக்குலதான் போய் ஏறுது. இது ஞாயிற்றுக்கிழமை வண்டியா இருக்கிறதுதான் வண்டிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

பட்ஜெட் இடிக்குதா? இண்ட்-சுஸுகி, சாமுராய் பக்கமும் ஒரு பார்வை பாருங்க. ஆர்எக்ஸ் அளவுக்கு மவுசு இல்லாததால பேரம் பேச இடம் இருக்கும். எந்த வண்டியா இருந்தாலும் வரிசை ஒண்ணுதான்: முதல்ல பேப்பர், அடுத்து இன்ஜின், கடைசியா பெயின்ட். கைமாறின 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிச்சுடுங்க. உங்க பேர்ல ஆர்.சி வந்த பிறகு பாருங்க, அதே டூ-ஸ்ட்ரோக் சத்தம் இன்னும் இனிமையா கேட்கும்!