நாகர்கோவிலுக்கு எத்தனை எழுத்து? மென்பொருள் சந்திப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

பைதான் நிரல்மொழியில் 'நாகர்கோவில்' என்று தட்டி, அதன் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 11 என்று பதில் வரும். நாம் எண்ணினால் ஆறுதான்: நா, க, ர், கோ, வி, ல். கணினி எண்ணியது எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறிகளை. 'நா' என்பது அதற்கு ந-வும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகள். 'ர்' என்றால் ர-வும் மேலே உள்ள புள்ளியும். தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைதான் நிரல்தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவிப் பிரித்துக் காட்டினால் ஆறு வந்துவிடும்.

திரையில் செய்து காட்டி விளக்க 15 நிமிடம் போதும். ஒரு மென்பொருள் சந்திப்பில் பேசுவதற்கு இந்தத் தலைப்பே தாராளம். 'எனக்கு என்ன தெரியும், நான் போய் என்ன பேச' என்ற தயக்கத்திலேயே குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில் கூடுவதுதான் இந்தச் சந்திப்புகளின் அடிப்படை. தமிழ்நாட்டில் இதற்கு மூத்த உதாரணம் சென்னை லினக்ஸ் பயனர் குழு. 1998 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது அதன் வழக்கம். ஐஐடி மெட்ராஸில் கஜேந்திரா சர்க்கிள் பக்கம், விண்வெளிப் பொறியியல் துறையின் ஒரு சாதாரண வகுப்பறையில் பல ஆண்டுகள் கூடினார்கள். சென்னையின் பைதான் குழுவுக்கு நான்காம் சனிக்கிழமை. காஞ்சிபுரத்தில் 2006 நவம்பரிலிருந்து ஒரு லினக்ஸ் குழு இருக்கிறது. ஜிட்சி என்ற காணொலி அழைப்புச் செயலி வழியாக இணையத்திலும் கூடுகிறார்கள். விழுப்புரம் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறது. 2023 ஜனவரியில் டெபியன் லினக்ஸ் ஆர்வலர்களின் மாநாடு ஒன்று விழுப்புரத்திலேயே நடந்தது. பெருநகரமோ பெரிய ஐடி வளாகமோ இல்லாத ஊரிலும் இது நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காஞ்சிபுரம் குழுவின் அழைப்பைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். தலைப்பு, இரண்டு வரி விளக்கம், எத்தனை நிமிடம், பேசுபவர் பெயர், அவரைப் பற்றி ஒரு வரி. பேச்சு முடிந்ததும் கேள்வி-பதில், பிறகு பொது உரையாடல். நுழைவுக் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம்.

என்னைக் கேட்டால், பேச்சைவிட அந்தக் கேள்வி நேரம்தான் முக்கியம். நாகர்கோவிலை எண்ணிக் காட்டிய பேச்சையே எடுத்துக்கொள்வோம். பின்வரிசையிலிருந்து இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் கை தூக்குகிறார்: "அண்ணே, எனக்கு 12 வருதே?" அவர் தப்பாகச் செய்யவில்லை. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அவர் நகலெடுத்த கோப்பில் பிரித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு வாக்காளர் பட்டியலிலோ நூலகப் பட்டியலிலோ பெயரைத் தேடினால் சில சமயம் அகப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பேச வந்தவர் யோசித்தே இராத இடம் இது. கேட்டவருக்கும் பதில் கிடைத்தது, சொன்னவருக்கும் ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. வீட்டில் தனியாகக் காணொலி பார்த்துக்கொண்டிருந்தால் இது நடக்காது.

1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் கூடத் தொடங்கிய ஹோம்ப்ரூ கணினிக் குழுவிலும் நடந்தது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். ஸ்டீவ் வோஸ்னியாக் தன் ஆப்பிள்-1 கணினியின் சுற்று வரைபடத்தை நகலெடுத்து அங்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

முதல் தடவை போகிறவர்கள் இரண்டு காரியம் செய்தால் போதும். ஒன்று, மடிக்கணினியில் தீராத ஒரு சிக்கலை எடுத்துப் போங்கள். 'ஓட மாட்டேங்குது' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. திரையில் வந்த பிழைச்செய்தியை முழுசாகக் காட்டி, எந்தப் பதிப்பு, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அப்படிச் சொல்லும்போதே தீர்ந்துவிடும். இரண்டாவது, முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கூட்டத்தில் கேட்கக் கூசிய கேள்வி டீ குடிக்கும்போது வாயில் வந்துவிடும். வேலை எங்கே காலியாக இருக்கிறது என்ற பேச்சும் அங்கேதான் அடிபடும்.

குமரி மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு, அதை நாம் போதுமான அளவுக்குப் பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டருக்கும் மேல். திருவனந்தபுரம் ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர்தான். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் அங்கேதான் தொடங்கியது. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1956 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். மலையாளம் கேட்டால் புரியும். தமிழ்க் குழுக்களில் இணையம் வழியாகவும், திருவனந்தபுரம் கூட்டங்களில் நேரிலும் என இரண்டு பக்கமும் உட்கார்ந்து கற்கிற வாய்ப்பு வேறு எந்தத் தமிழக மாவட்டத்துக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறது?

உங்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். நாலு பேர், ஒரு அறை, ஒரு புரொஜெக்டர், இடையில் கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ். கோணம் தொடங்கி குமாரகோவில் வரை நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சனிக்கிழமை மதியம் ஆய்வகங்கள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்து, வெளியாட்கள் உள்ளே வர வாசலில் சொல்லிவைக்க வேண்டும். நாகர்கோவிலிலேயே எப்போதும் வைத்தால் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். தக்கலை இரண்டு பக்கத்துக்கும் பொது. இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலரைக்கு முடித்துவிடுங்கள். கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம் போகிற பெண்கள் இருட்டுமுன் பஸ் பிடித்தாக வேண்டும். இந்த ஒன்றைக் கவனிக்காததாலேயே ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற கூட்டமாகிவிடுவது உண்டு. யாரையும் கேலி செய்யக்கூடாது என்பதையும், தொந்தரவு நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

சான்றிதழ் கொடுத்து ஆள் சேர்க்காதீர்கள். கல்லூரியில் அதற்குப் பழக்கப்பட்டுவிட்டோம், ஆனால் காகிதத்துக்காக வருகிறவர் அடுத்த மாதம் வரமாட்டார். நிறுவனம் ஏதாவது டீச் செலவை ஏற்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு ஒரு மணி நேரம் தங்கள் சரக்கை விளம்பரம் செய்யக் கேட்டால், டீச் செலவைக் கைக்காசிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் கூட்டத்துக்கு 30 பேர் வருவார்கள், மூன்றாவதற்கு ஐந்து பேர் வருவார்கள். ஐந்து பேர்தான் என்று தள்ளிவைக்காமல் நடத்துங்கள். தேதி மாறாமல் இருந்தால்தான் நடுவில் விட்டுப்போனவர் யாரையும் கேட்காமல் திரும்பி வர முடியும். கலையுமுன் அடுத்த மாதம் பேசப் போகிறவரின் பெயரையும் தலைப்பையும் பலகையில் எழுதிவிடுங்கள். முடிந்தவரை அது இதுவரை பேசாத ஒருவராக இருக்கட்டும்.