பட்டியலில் இன்னும் பெயர் ஏறாத பையன்

தசரா நெருங்கினால் மைசூரு போலீஸ் ‘ரவுடி பரேடு’ நடத்தும். ரவுடிப் பட்டியலில் இருப்பவர்களை மைதானத்துக்கு வரவழைத்து, வரிசையாக நிற்கவைத்து, வாலாட்டினால் தோலை உரிப்போம் என்கிற தோரணையில் எச்சரித்து அனுப்புவார்கள். தேர்தல் வந்தாலும் இதே காட்சிதான். பட்டியலில் ஏறியவனுக்கு அரசு நேரம் ஒதுக்குகிறது. அவன் பின்னால் பைக்கில் தொற்றிக்கொண்டு திரியும் பதினைந்து வயதுப் பையனுக்கு?

இதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்து விடை தேடிய ஊர், கனடாவின் டொரன்டோ. அந்தக் கதையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு, கசப்பான பங்கு. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போய்ச் சேர்ந்தவர்களில் சில இளைஞர்கள் 1990களில் இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒன்று வி.வி.டி.; வல்வெட்டித்துறையின் சுருக்கம். மற்றது ஏ.கே. கண்ணன், துப்பாக்கியே இனிஷியலாகிவிட்டது. 2001 அக்டோபரில் போலீஸும் குடிவரவுத் துறையும் ஒரே வீச்சில் ஐம்பது பேருக்கு மேல் பிடித்தன. ஆனால் அதற்கு முன்பே, 1990களின் இறுதியில், தமிழ் இளைஞர்களே கூடிக் கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். சின்னப் பையன்களுக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா துணைக்கு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

அரசுப் பணம் பெரிதாக வந்தது பிறகுதான். 2005இல் டொரன்டோவில் 52 பேர் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ‘துப்பாக்கி ஆண்டு’ என்றே பத்திரிகைகள் பெயர் வைத்தன. மறு ஆண்டே ஒன்டாரியோ மாகாண அரசு 1.5 கோடி டாலரில் இளைஞர்களுக்கான நிதி ஒன்றை அறிவித்து, தனியாரும் அதே அளவு போடட்டும் என்றது. பணம் போனது 13 பின்தங்கிய பகுதிகளுக்கு. 2022இல் கனடிய மத்திய அரசு 25 கோடி டாலரில் இன்னொரு நிதியைக் கொண்டுவந்தது.

தொகை குறைவில்லை. கோளாறு காலக்கெடுவில். ஒரு குழு விண்ணப்பித்து, ஆளை நியமித்து, தெருவில் அவர் முகம் பழகவே ஒரு வருடம் ஓடிவிடும். பையன் வாய்திறக்கத் தொடங்கும்போது திட்டம் முடிந்திருக்கும். அவனைப் பொறுத்தவரை, வந்துவிட்டுப் போன இன்னொரு பெரியவர், அவ்வளவுதான். 2008இல் மெக்மர்ட்ரியும் கர்லிங்கும் இளைஞர் வன்முறையின் வேர்கள் பற்றி ஒன்டாரியோவுக்குத் தந்த அறிக்கையும், உள்ளூர் அமைப்புகளுக்கு நிலையான நிதி வேண்டும் என்றே சொன்னது.

நம் பக்கம் தொகையே வேறு. கேரளம் 2010இல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் 2018இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கானது. பள்ளிக்கு 50,000 ரூபாய். சென்னையில் 2022இல் பள்ளி மாணவர்களுக்காகக் காவல்துறை வழியே வந்த ‘சிற்பி’ திட்டத்துக்கு 4.25 கோடி ரூபாய். 100 பள்ளிகள், 5,000 மாணவர்கள். வகுத்தால் தலைக்கு 8,500. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் இரண்டுமே வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவனைத்தான் தொடுகின்றன. ஆபத்தில் இருப்பவனோ பெரும்பாலும் படிப்பை நிறுத்தி மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறான்.

அவனைத் தொடக்கூடிய ஒரு பழைய ஏற்பாடு மைசூருக்கு உண்டு: கரடி மனை என்னும் மல்யுத்தக் கூடம். நம் ஊர்க் கரடிக்கூடமேதான், விலங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செம்மண் குழி, அதிகாலைப் பயிற்சி, அதட்ட ஓர் உஸ்தாத், ஆண்டுக்கொருமுறை தசரா குஸ்தி. பள்ளிச் சான்றிதழ் கேட்காத இடம். ஒரு காலத்தில் அரண்மனை ஆதரித்தது. கரடியில் வளர்த்த உடம்பைக் கட்டப்பஞ்சாயத்துக்கு வாடகைக்கு விட்ட பைல்வான்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. உஸ்தாத் யார் என்பதைப் பொறுத்தது அது. நல்ல உஸ்தாதுக்கு மாதச் சம்பளம் வேண்டும், அதுவும் பத்து வருடத்துக்கு. பள்ளிக்குப் போகும் அந்த 50,000 ரூபாயோ கற்றல் பொருட்கள், பயிற்சி, சில்லறைச் செலவு என்ற தலைப்புகளிலேயே தீர்ந்துவிடுகிறது.