நடமாட இயலாத நோயாளியை வாகனத்தில் அழைத்து வருதல்: ஓட்டுநருக்கு நீங்கள் கற்பிக்க வேண்டியவை

பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் மருத்துவமனைக்குத் தொடர்ந்து வரவேண்டிய நோயாளிகள் பலர், வாடகைக் காரையே நம்பியுள்ளனர். ஆபத்து சாலையில்தான் உள்ளது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், வாகனம் நின்றிருக்கும்போது கதவருகே கழியும் இரண்டு நிமிடங்களும் அதே அளவு கவனத்துக்குரியவை.

பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்த ஒருவர், ஒரு நாள் கடும் தோள்வலியுடன் எங்கள் பிரிவுக்கு வந்தார். உதவும் நல்லெண்ணத்தில் ஓட்டுநர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கியிருந்தார். அதன்பின் காரில் ஏறவே அஞ்சிய நோயாளி, இயன்முறை சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஓட்டுநரைக் குறை கூற இயலாது. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் சொல்லித் தரவில்லை.

முந்தைய நாளே செய்ய வேண்டியவை

• இயன்றவரை ஒரே ஓட்டுநரை அமர்த்துங்கள். நோயாளிக்கு எந்தப் பக்கம் பலவீனம், நிற்க இயலுமா, சிறுநீர்க் குழாய் உள்ளதா என்பவற்றை அவரிடம் முன்னரே கூறுங்கள்.
• நோயாளியைப் பலமான பக்கமாக நகர்த்துவதே எளிது. எனவே இடப்பக்கம் பலவீனமானவருக்கு ஓட்டுநருக்கு அருகிலுள்ள முன் இருக்கையும், வலப்பக்கம் பலவீனமானவருக்கு ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள இருக்கையும் பொருந்தும். வலப்புறக் கதவைப் போக்குவரத்து உள்ள சாலையில் திறவாமல், வளாகத்துக்குள் நிறுத்தித் திறக்கவேண்டும்.
• மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடமோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடமோ, ஓட்டுநரையும் வைத்து ஒரு முறை செய்து காட்டுமாறு கேளுங்கள்.

ஏற்றும் முறை

1. வாகனத்தைச் சமதளத்தில், கதவு முழுவதும் திறக்கும்படி நிறுத்தவேண்டும். இருக்கையை இயன்றவரை பின்னுக்குத் தள்ளவேண்டும்.
2. சக்கர நாற்காலியை இருக்கைக்கு அருகில் சற்றுச் சாய்வாக வைத்து, இரு தடைகளையும் பூட்டி, கால்தாங்கிகளை விலக்கவேண்டும்.
3. உதவுபவர் ஒருவர் பலவீனமான பக்கத்தை ஒட்டி நோயாளியின் முன்னே நின்று, அந்த முழங்கால் மடங்காதவாறு தம் முழங்காலால் அணைகொடுக்கவேண்டும். குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கவேண்டும்.
4. ஒருவர் மட்டும் "ஒன்று, இரண்டு, மூன்று" எனக் கூறவேண்டும். நோயாளி முன்னோக்கிச் சாய்ந்து எழுந்து, சிறு அடிகளில் திரும்பி, இருக்கை காலில் படும்வரை பின்னால் வரவேண்டும்.
5. முதலில் உட்காரவைத்து, தலை கதவுச் சட்டத்தில் இடிக்காமல் கையால் மறைத்து, பின்னரே கால்களை உள்ளே எடுக்கவேண்டும்.

இறங்கும்போது நோயாளி பலவீனமான பக்கமாக நகர நேரிடும். ஆகவே ஏறும்போது எளிதாக இருந்தாலும், இறங்கும்போது கூடுதல் துணை தேவை என்பதை ஓட்டுநர் அறிந்திருக்கவேண்டும். இறங்கியவுடன் சிலருக்கு இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும். எனவே கால்களை வெளியே வைத்தபடி ஓரிரு நிமிடம் அமர்த்திய பிறகே எழுப்பவேண்டும்.

செய்யக் கூடாதவை

• செயலிழந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கைகொடுத்தோ தூக்கக் கூடாது. பக்கவாதத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு எளிதில் பாதிக்கப்படும்.
• வேட்டியையோ சேலையையோ பிடித்துத் தூக்கக் கூடாது, துணி நழுவும். இடுப்பில் அகலமான பட்டை கட்டி அதைப் பிடிக்கலாம்.
• நோயாளி உதவுபவரின் கழுத்தைப் பற்றக் கூடாது. அசையும் கதவையும் பிடிக்கக் கூடாது.
• இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைத் தாழ்வான இருக்கையில் அமர்த்தக் கூடாது. உறுதியான மெத்தை இட்டு உயர்த்துங்கள். எவ்வளவு குனியலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

ஓட்டும்போது

இருக்கைப் பட்டை வயிற்றின் மீது அல்லாமல் இடுப்பெலும்பின் மீது படியவேண்டும். சிறுநீர்ப் பையைப் புறப்படுமுன் காலிசெய்து, சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, குழாய் மடங்காமல் வைக்கவேண்டும். ஆக்சிஜன் உருளை உருளாமல் கட்டப்பட்டிருக்கவேண்டும்; வாகனத்தில் எவரும் புகைபிடிக்கக் கூடாது. வேகத்தடையை மிக மெதுவாகக் கடக்கவேண்டும். சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து பயணிப்பவர் முன்னோக்கி அமரவேண்டும். நாற்காலியின் நான்கு மூலைகளையும் தரையுடன் பிணைத்து, நோயாளிக்குத் தனிப் பட்டை அணிவிக்கவேண்டும். நாற்காலியின் தடை மட்டும் போதாது.

108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

கீழே விழுந்து கழுத்திலோ முதுகிலோ வலி உள்ளவர், நினைவு குன்றியவர், மூச்சுத் திணறுபவர், திடீரென முகம் கோணியவர் அல்லது பேச்சுக் குழறியவர் ஆகியோரைக் காரில் ஏற்ற முயலாமல் 108-ஐ அழையுங்கள். முதுகெலும்புக் காயம் இருக்கலாம் எனத் தோன்றினால், உதவி வரும்வரை அவரை அசைக்காதீர்கள். அவசர நிலை இல்லாவிடினும், கால்களில் சிறிதும் எடை தாங்க இயலாதவரைக் காரில் தூக்கி ஏற்றுவதைவிட, படுக்கை வசதியுள்ள ஊர்தியே பாதுகாப்பானது.

இப்பக்கத்தை ஓட்டுநருக்கும் படித்துக் காட்டுங்கள். அச்சமின்றி வாகனத்தில் ஏறும் நோயாளியே அடுத்த முறையும் சிகிச்சைக்கு வருவார்.