தோல் நகரங்களின் தர்மமும் விடுதிப் பிள்ளைகளும்

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர்களைத் தோல் வியாபாரத்துக்காகவே நாடு அறிந்திருக்கிறது. ஆனால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதனிட்டுச் சீமைக்கு அனுப்பிப் பொருளீட்டிய அவ்வூர் வர்த்தகர்கள், அப்பொருளில் ஒரு பங்கைத் தலைமுறை தலைமுறையாகக் கல்விக்கென்று ஒதுக்கி வந்த சரித்திரம் வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மேல்விஷாரத்தில் 1918-ல் முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி பிறந்தது. 1924-ல் தோல் வர்த்தகரான காகா முஹம்மது உமர் சாகிப், ஆம்பூரை அடுத்து, இன்று அவர் பெயராலேயே உமராபாத் என்று வழங்கும் இடத்தில், ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்னும் கலாசாலையை நிறுவி, ஏழை மாணவர்கள் உணவுக்கும் உறைவிடத்துக்கும் கவலையின்றிப் படிக்க வழி செய்தார். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1853-ல் ஆரம்பமான அமெரிக்க ஆற்காடு மிஷனும் பழைய வட ஆற்காட்டு ஜில்லாவில் விடுதிப் பள்ளிகளை நடத்தி, எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளைப் புத்தகத்தருகே கொண்டுவந்தது.

இத்தகைய உதவிக்கு உரிய பிள்ளை யார் என்று கேட்டால், தாய் தந்தை இருவரையும் இழந்த அநாதையையே பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் போதாது. 1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு வந்தபின், ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் பெருகி, ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மெஷினில் அமர்ந்தார்கள். கணவனை இழந்த தாய் ஒருத்தி, காலையில் கம்பெனி பஸ் ஏறி இருட்டும் வேளையில் திரும்புகிறாள் என்றால், அவள் அன்பில் குறை ஏதுமில்லை. ஆயினும் அவளுடைய எட்டு வயதுப் பெண்ணுக்குப் பகல் முழுவதும் துணை இல்லை. தகப்பன் குடியிலோ தீராத நோயிலோ வீழ்ந்த வீடுகளும், பெற்றோர் பிரிந்து போனபின் முதிய பாட்டி பீடி சுற்றிப் பேரனைக் காக்கும் வீடுகளும் உண்டு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கங்களில் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தைகளே பீடி சுற்ற உட்கார்ந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, இத்தகைய வீட்டில் பள்ளிக்கூடம் எவ்வளவு சீக்கிரம் கைநழுவும் என்பது விளங்கும்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் அனைவரையும் விடுதியில் சேர்த்துவிடுவதே பரோபகாரம் என்று கருதுவதும் பிழை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், நிறுவனத்தில் வைத்து வளர்ப்பதைக் கடைசி மார்க்கமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில், ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பத்துப் பிள்ளைக்கு, வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடமுண்டு. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. அத்தொகையால் ஒரு தாய் தன் பிள்ளையை அருகிலேயே வைத்துக்கொள்ளக் கூடுமானால், அதைப் பெற்றுத் தருவதே முதல் தர்மம். வீட்டில் அடி உதையோ, ஆளில்லாத வெறுமையோ, பாட்டியின் தள்ளாமையோ பிள்ளையைப் பாதிக்கும் இடத்தில்தான் விடுதிக்கு அவசியம் ஏற்படுகிறது. அந்த அவசியம் ஏற்பட்டபின், அரைகுறையாக உதவுவதைக் காட்டிலும் பிள்ளைக்குக் கொடுமையானது வேறில்லை.

இந்த இடத்தில்தான் நம் ஈகையின் வழக்கத்தைப் பற்றிச் சற்று மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. முஸ்லிம்களின் கட்டாய தர்மமாகிய ஜகாத் பெரும்பாலும் ரமலானில் கொடுக்கப்படுகிறது. சந்திர மாதமாகையால் ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகர்கிறது. பள்ளிக்கூடமோ ஜூனில் திறக்கிறது. 2016-ல் ரமலானும் ஜூனும் ஒன்றாக வந்தன. அதிலிருந்து மீண்டும் அவ்வாறு வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாகும். மேலும், ஜகாத் ஏழைக்கே உரிமையாக்கப்பட வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹப் என்னும் சட்ட மரபின் விதியாதலால், அதிலிருந்து கட்டடம் எழுப்பவும் ஆசிரியர் சம்பளம் கொடுக்கவும் இயலாது. மாணவனின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் அது தாராளமாக உதவும். சமயம் எதுவாயினும், பிறந்த நாளிலும் திவசத்திலும் விடுதிக்கு ஒருவேளை விருந்திடுவோர் நிறைய இருக்கிறார்கள். அந்த அன்னம் புண்ணியமானதே. ஆனால் ஜனவரியில் தீர்ந்துபோகும் நோட்டுப் புத்தகத்துக்கும், கண்ணாடி உடைந்த பையனுக்கு வேறொன்று வாங்கவும், பொங்கல் விடுமுறைக்குப் பாட்டி வீடு போய்வரும் பஸ் சார்ஜுக்கும் பணம் தருபவர் மிகச் சிலரே. இந்தப் பஸ் சார்ஜை நான் அற்பமாகக் கருதவில்லை; பிள்ளைக்கும் அதன் சொந்தத்துக்கும் இடையே உள்ள இழையை அறாமல் வைத்திருப்பது அதுதான்.

லண்டன் தெருக்களில் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்காக 1552-ல் ஏற்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்னும் விடுதிப் பள்ளி இன்றும் நடக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைத்து வாங்குகிறது. அதன் ஆயுளுக்குக் காரணம் நிரந்தர மூலதனம்: நிலமும் முதலீடும் ஈட்டும் வருவாயிலிருந்து பிள்ளையின் செலவு நடப்பதால், கொடையாளியின் வியாபாரம் நொடித்தாலும் பள்ளி மூடுவதில்லை. வக்ஃபும் கோயில் கட்டளையும் கண்ட நம் நாட்டுக்கு இந்த யுக்தி புதிதன்று. தோல் வியாபாரம் ஏற்ற இறக்கம் மிகுந்தது. பாலாறு மாசுபட்டதை ஒட்டி உச்ச நீதிமன்றம் 1996-ல் அளித்த தீர்ப்புக்குப்பின் தோல் ஷாப்புகள் பட்ட சங்கடத்தை இவ்வூர்கள் அறியும். ஒரு முதலாளியின் அந்த வருஷத்து லாபத்தை நம்பி ஐந்தாம் வகுப்பில் சேர்க்கப்பட்ட பிள்ளை, எட்டாம் வகுப்பில் வெளியேற நேர்ந்தால் அதை எப்படித் தர்மம் என்பது?

பதினெட்டு வயது இன்னொரு கண்டம். பாதுகாப்பு இல்லங்களை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது வரை பின்தொடர் உதவி செய்யச் சட்டம் இடம் தருகிறது. தனியார் உபகாரச் சம்பளமோ பெரும்பாலும் பிளஸ் டூ பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் பையன் போய்த் தங்க இடமில்லாமல், கிடைத்த முதல் கூலி வேலையைப் பற்றிக்கொள்கிறான். ஆகையால், ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் அன்றே, விடுதிக் கட்டணத்தோடு, பின்னால் ஐ.டி.ஐ.யிலோ கல்லூரியிலோ அவன் படிக்கப்போகும் ஆண்டுகளுக்கும், அப்போது அவன் தங்கும் அறைக்கும் ஆகும் தொகையைச் சேர்த்துக் கணக்கிட்டு ஒதுக்க வேண்டும். அப்படிக் கணக்கிடும்போது நூறு பிள்ளைகளுக்குப் பதிலாக நாற்பது பேரைத்தான் ஏற்க முடியும் என்று தெரிந்தால், நாற்பது பேரையே ஏற்று, அவர்களைக் கடைசி வரை கொண்டுசெலுத்துவதே நியாயம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.