ஊதிய பலகையை நம்பலாமா?

கடந்த மாரியில் எங்கள் விறாந்தையில் இருந்த சிப்போட் இறாக்கை தூவானத்தில் நனைந்து ஊதிவிட்டது. வெயிலில் காயவைத்துப் பெயின்ற் பூசி, அரிசி வாளியை மறுபடியும் அதிலேயே வைத்தேன். ஒருநாள் தட்டு முறிந்து விழுந்தது. சற்று முன்புதான் சின்ன மகள் அதன் கீழ் விளையாடிவிட்டு எழுந்து போயிருந்தாள்.

தச்சு வேலை செய்யும் மாமா வந்து பார்த்தார். "பிள்ளை, இது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்தது. ஈரம் பட்டால் சீவல்கள் ஊதிப் பசையின் பிடி விட்டுப்போகும். காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது" என்றார்.

பிளைவூட்டிலும் பசைதான் முக்கியம். யூரியா போமல்டிஹைட் பசை ஈரத்திலும் வெப்பத்திலும் தளர்ந்துவிடும். பீனோல் போமல்டிஹைட் பசை தாக்குப்பிடிக்கும். ஆனால் ஈரம் நீடித்தால் மரம் உக்கும். வெயில் மேற்பரப்பை நரைக்க வைக்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால் வெடிப்புகள் பெருகும்.

சகோதரிகளே, பலகை வாங்கும்போது என்ன பசை என்று கேளுங்கள். நீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டிய ஓரங்களே. அவற்றுக்கு முதலில் பூச்சிடுங்கள். ஊதிய தட்டில் பாரம் ஏற்றாதீர்கள். நான் பூசிய பெயின்ற் ஊதலை மறைத்ததே தவிர, பலத்தைத் தரவில்லை.