ஹாலோவீன்: சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு பயம் தாங்கும்?

அக்டோபர் 31 வந்துவிட்டால் அமெரிக்கக் குடியிருப்புகளில் வாசலுக்கு வாசல் எலும்புக்கூடுகள் தொங்கும். ரத்தக்கறை பூசிய முகமூடிகள் புதர் மறைவிலிருந்து திடீரென்று பாயும். இதெல்லாம் வேண்டாம் என்று ஒதுங்கி, பூசணிக்காயைக் குடைந்து சிரித்த முகமாக விளக்கேற்றியும், பட்டாம்பூச்சி வேடம் போட்ட பிள்ளையை வெளிச்சம் இருக்கும்போதே நாலு வீட்டுக்குக் கூட்டிப்போய் மிட்டாய் வாங்கிக் கொடுத்தும் கொண்டாடும் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள் என்ற பேச்சு அவர்கள் காதில் விழாமல் இருக்காது. ஆனால் சின்னக் குழந்தையின் மனம் வேலை செய்யும் விதம் தெரிந்தால், நியாயம் அவர்கள் பக்கம்தான் என்பது விளங்கும்.

உளவியலாளர் ரீட்டா டெவ்ரீஸ் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மேனார்ட் என்ற சாதுவான பூனையை 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளிடம் காட்டினார். பிறகு அதன் தலைப்பக்கத்தை மட்டும் மறைத்துக்கொண்டு, நாய் முகமூடி ஒன்றை மாட்டினார். வாலும் பின்னங்கால்களும் குழந்தைகளின் கண்ணெதிரிலேயேதான் இருந்தன. அப்படியும், மறைப்பை எடுத்ததும் 3 வயதுக் குழந்தைகளில் பலர் பூனை நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். 6 வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஏமாறவில்லை. தோற்றம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்ற அறிவு இந்த வயதுகளுக்கு இடையில்தான் மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது. அது வருவதற்கு முன்னால், ஓநாய் முகமூடி போட்ட பக்கத்து வீட்டு மாமா குழந்தைக்கு ஓநாயேதான்.

‘சும்மா விளையாட்டு என்று சொல்லிவிட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. பால் ஹாரிஸ் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், காலிப் பெட்டிக்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யும்படி 4, 6 வயதுக் குழந்தைகளிடம் சொன்னார்கள். அது வெறும் கற்பனை என்று குழந்தைகளே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும், ஆய்வாளர் அறையைவிட்டுக் கிளம்பியபோது 4 வயதுக் குழந்தைகளில் சிலர் அவரைப் போகவே விடவில்லை. விளக்கம் புரிவது வேறு, பயம் தணிவது வேறு.

இன்னொரு ஆட்சேபணை கனமானது: பயத்தைச் சந்திக்காத பிள்ளை கோழையாகிவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதைத் தொடர்ந்து தவிர்த்தால் பயம் வலுக்கவே செய்யும். அதற்காகக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்க வேண்டுமா? பதற்றத்துக்கான சிகிச்சையே தாங்கக்கூடிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதுதான். டென்மார்க்கின் வைலெ நகரில், பயமுறுத்துவதற்கென்றே அமைத்த பேய்வீட்டுக்குத் தாங்களாகவே விரும்பி வந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் வெளியான ஆய்வும் இந்த அளவைப் பற்றியதே. பயம் மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் மகிழ்ச்சி குறைந்தது; நடுவில்தான் உச்சம் தொட்டது. அந்த நடு அளவு வயதுக்கு வயது, ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே முகமூடியைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து, கண்ணாடி முன் மாட்டவும் கழற்றவும் விடுவது பயத்திலிருந்து ஓடுவது ஆகாது. பயத்தின் கடிவாளத்தைக் குழந்தையிடமே ஒப்படைப்பது. பத்துப் பன்னிரண்டு வயதில் அதே பிள்ளை பேய்வீட்டுக்குப் போக வேண்டுமென்று அடம்பிடித்தால் தாராளமாகப் போகட்டும்.

மரபு கெடுகிறதே என்ற வருத்தத்துக்கு அந்தப் பண்டிகையின் வரலாறே பதில் சொல்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களின் வழக்கம், அமெரிக்காவுக்கு வந்தபின் பூசணிக்காய்க்கு மாறியது. இருட்டில் வீடு வீடாகப் போவதும் மாற்றத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்கச் சாலை விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் 43 சதவீதம் கூடுவதையும், 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அது சுமார் 10 மடங்காவதையும் கண்டார்கள். பொழுது சாய்வதற்குள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும் பெற்றோருக்கு இந்த ஒரு காரணமே போதும்.